உமிக்கு விலை வந்தால் யாருக்கு நட்டம்?

ஒரு வாசகரின் கேள்வி, 9 பிப்ரவரி 2024

கழிவு என்று உலகில் எதுவுமே கிடையாது. இடம் மாறிக் கிடக்கும் செல்வம்தான் அது. கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறோம், நிலக்கரிச் சாம்பலில் கல் அறுக்கிறோம். தொழில்நுட்பம் வளர வளரக் கழிவு என்ற பேச்சே இல்லாமல் போய்விடும். இதை மறுப்பவர் யாராவது உண்டா?

11 பிப்ரவரி 2024

நான் மறுக்கிறேன். ஆலைகளில் செலவுக் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன். சக்கை, மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு), உமி, தவிடு, தேங்காய் நார்த்தூள் எல்லாம் என் பேரேட்டில் வந்துபோனவை. ஒரு பொருள் கழிவா துணைப்பொருளா என்பதை ஆய்வகம் முடிவு செய்து நான் பார்த்ததே இல்லை. வாங்க ஆள் உண்டா, லாரி வாடகை போக ஏதாவது மிஞ்சுமா, இந்த இரண்டு கேள்விகள்தான். மிஞ்சினால் 'இதர வருமானம்' என்று வரவு. மிஞ்சாவிட்டால் 'அப்புறப்படுத்தும் செலவு'. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: இரவோடு இரவாக மதிலுக்கு வெளியே கொட்டிவிட்டால் எந்தத் தலைப்பிலும் எழுத வேண்டியதில்லை. கேள்வி கேட்டவர் இந்த மூன்றாவதைப் பற்றி மூச்சே விடவில்லை.

அவர் சொன்ன சக்கையையே எடுத்துக்கொள்வோம். 100 டன் கரும்பு அரைத்தால் ஏறக்குறைய 30 டன் சக்கை, 4 டன்னுக்குச் சற்று மேல் மொலாசஸ், 3 அல்லது 4 டன் ஆலைச்சேறு (சாற்றை வடிகட்டும்போது தங்கும் கசடு) வரும். சர்க்கரை 10 டன் வந்தால் ஆலை மேலாளர் இனிப்பு வாங்கிக் கொடுப்பார். எடையை மட்டும் பார்த்தால் சர்க்கரைதான் துணைப்பொருள். சக்கையில் பாதி ஈரம். குவித்துவைத்தால் இடத்தை அடைக்கும், காய்ந்தால் தீப்பிடிக்கும். அதனால் பழைய ஆலைகளில் கொதிகலனின் திறனைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. நீராவி கிடைத்தால் போதும். சக்கையை எரித்துத் தீர்ப்பதும் அதன் வேலைதான்.

கரூர் மாவட்டத்தில் 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் வந்த பிறகு நிலைமை மாறியது. ஆலைகளுக்கு நிலக்கரியில் ஓடும் கொதிகலனை அமைத்துக் கொடுத்து, அதற்கு ஈடாகச் சக்கையை வாங்கிக்கொண்டார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிலக்கரி எரிந்தால் சாம்பல் வரும் இல்லையா? சக்கை காகிதமானது, சாம்பல் புதிதாகப் பிறந்தது. பிறகு ஆலைகளே சக்கையில் மின்சாரம் எடுத்து விற்கத் தொடங்கின. உடனே காகிதத்துக்குச் சக்கை கிடைப்பது கடினமானது.

12 பிப்ரவரி 2024

ஒன்று விட்டுப்போனது. ஆலைச்சேறு நல்ல உரம். ஆனால் எருவை ஏற்றிக்கொண்டு எத்தனை கிலோமீட்டர் போவீர்கள்? அருகில் தோட்டம் வைத்திருப்பவருக்கு அது உரம், தொலைவில் இருப்பவருக்கு வெறும் சேறு.

15 பிப்ரவரி 2024

"கழிவுக்கு விலை கிடைத்தால் எல்லாருக்கும் நல்லதுதானே" என்று ஈரோட்டு நண்பர் கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் என்று சொல்ல மாட்டேன். உமியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊர் காங்கேயம் பக்கம், அரிசி ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்தவன்.

100 கிலோ நெல்லில் 20 கிலோ உமி. நான் சிறுவனாக இருந்தபோது ஆலைக்குப் பின்னால் உமி மலையாகக் கிடக்கும். சாக்கோடு போனால் அள்ளிக்கொள்ளலாம். கேட்பார் இல்லை, ஆலைக்காரருக்கும் இடம் காலியானால் போதும். தகர டின்னின் அடிப்பக்கம் ஓட்டை போட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கெட்டித்து, பாட்டிலை மெல்ல உருவினால் நடுவில் துளை விழும். அடியில் கொள்ளி வைத்தால் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சோறு வெந்த பிறகு வெந்நீரும் காயும். தட்டாருக்கு நெருப்பு வைக்கும் உமியோட்டுக்கு வேண்டும், செங்கல் அறுப்பவருக்கு மண்ணோடு கலக்க வேண்டும், கோழி வளர்ப்பவருக்குத் தரையில் பரப்ப வேண்டும். இத்தனை பேரும் காசு கொடுக்காமல் எடுத்தார்கள், அல்லது வண்டிக் கூலியோடு முடித்தார்கள்.

பிறகு சாயப்பட்டறைக் கொதிகலன்கள் வந்தன, உயிர்ம எரிபொருள் மின் நிலையங்கள் வந்தன. நெல் அவிக்க ஆலைக்கே உமி தேவைப்பட்டது. உமிக்கு எடை போட்டார்கள், ரசீது போட்டார்கள், பின்வாசலில் கதவு போட்டார்கள். ஆலையின் கணக்கில் அந்த ஆண்டு ஒரு புதிய வரவு. நான்தான் எழுதினேன், பெருமையாகவும் எழுதினேன். சாக்கோடு வந்து திரும்பிப் போனவர்களின் நட்டத்தை எழுத அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை.

வாசகரின் வாதத்தில் எனக்கு உள்ள முதல் சிக்கல் இதுதான். 'யாருக்கும் வேண்டாத பொருள்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, காசு கொடுக்க முடியாதவர்களுக்கு வேண்டிய பொருள்.

16 பிப்ரவரி 2024

உமி அடுப்புக்கு நான் ஒப்பாரி வைப்பதாக ஒருவர் கேலி செய்கிறார். கண்ணெரிச்சலும் இருமலும் எப்படிப்பட்டவை என்று அந்த அடுப்பில் சமைத்த என் தாயாரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எரிவாயு வந்தது பெரிய விடுதலை. ஆனால் உமிக்கு விலை வந்த வருடமும் எரிவாயு உருளை வந்த வருடமும் ஒன்றல்ல என்பதுதான் என் பேச்சு. இடைப்பட்ட காலத்தை அந்த வீடுகள் சீமைக் கருவேல விறகை வைத்துத் தள்ளின.

உமி எரிந்த பிறகு என்ன ஆகிறது என்றும் கேட்கிறார். உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. பக்குவமாக எரித்த சாம்பலை எஃகு ஆலைகள் வாங்குகின்றன, உருகிய இரும்பின் மேல் பரப்பிச் சூடு இறங்காமல் காக்க. பக்குவம் தப்பிய கருஞ்சாம்பலுக்கு அந்த மரியாதை இல்லை. நான் கணக்குப் பார்த்த ஓர் ஆலையில் 'சாம்பல் அகற்றும் கூலி' என்று மாதாமாதம் வவுச்சர் வரும். எங்கே அகற்றினீர்கள் என்று கேட்டால் டிராக்டர்காரருக்குத்தான் தெரியும் என்பார்கள். டிராக்டர்காரரைக் கேட்க வேண்டியதில்லை. அந்தக் குளக்கரையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இருசக்கர வாகனக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போவார்கள்.

23 பிப்ரவரி 2024

தவிட்டைப் பற்றியும் எழுதச் சொல்கிறீர்கள். வீட்டில் சின்னவனை அழவைக்க வேண்டுமென்றால் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார்களே, அந்தத் தவிடு இப்போது இதயத்துக்கு நல்லது என்று படம் போட்ட எண்ணெய் டப்பாவில் வருகிறது. இன்று தவிட்டுக்குப் பிள்ளை வாங்கப் போனால் கடன்தான் வாங்க வேண்டும்.

சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னால், தவிடு அவசரக்காரப் பொருள். அரிசியைத் தீட்டி அது பிரிந்த நிமிடத்திலிருந்து அதிலுள்ள லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்குள் பிழிய வேண்டும், அல்லது சூடேற்றி அந்த நொதியை அடக்க வேண்டும். தாமதித்தால் மாட்டுத் தீவனம்தான். ஆகவே நகரத்தருகே பெரிய ஆலையில் பிரிந்த தவிடு எண்ணெயாகிறது. கிராமத்தில் மணிக்கணக்கில் காத்திருந்த தவிடு மாட்டுக்குப் போகிறது. மாடு புகார் சொன்னதில்லை.

3 மார்ச் 2024

சர்க்கரை ஆலைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு என்று சட்டம் பேசிய இடம் அது. கரும்பை விவசாயி டன் கணக்கில் விற்கிறார். விற்றதும் அவருடைய உரிமை சர்க்கரையோடு முடிந்ததா, சக்கைக்கும் மொலாசஸுக்கும் நீளுமா?

2012இல் சர்க்கரைத் தொழிலை ஆராய மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு சொன்ன வாய்பாடு இது: சர்க்கரை, சக்கை, மொலாசஸ், ஆலைச்சேறு எல்லாம் சேர்ந்த வருமானத்தில் 70 சதவீதம் விவசாயிக்கு, அல்லது சர்க்கரை வருமானத்தில் மட்டும் 75 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கணக்கெழுத்தனாக இதை மெச்சுகிறேன். துணைப்பொருளுக்கு உரிமையாளர் உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதே பெரிது. ஆனால் வாய்பாடு முதல் படியோடு நிற்கிறது. மொலாசஸ் ஆலைக்குள்ளேயே சாராய ஆலைக்குப் போய் எத்தனாலாக வெளியே வந்தால், அந்த வித்தியாசம் யாருடையது? சக்கை ஆலையின் சொந்தக் கொதிகலனுக்குப் போனால் அதற்கு என்ன விலை வைத்து எழுதுவது? அந்த விலையை முடிவு செய்கிறவர் ஆலையின் கணக்காளர். நானும் முடிவு செய்திருக்கிறேன். அதைக் கூட்டி எழுதச் சொல்லி எந்த நிர்வாகமும் என்னைக் கேட்டதில்லை.

பிறகு 2018 முதல் 'பி-ஹெவி' மொலாசஸ் என்று ஒன்றைப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு எடுக்கலானார்கள். கொஞ்சம் சர்க்கரையை வேண்டுமென்றே மொலாசஸில் விட்டுவிடுவது. துணைப்பொருளின் விலை ஏறினால் முதன்மைப் பொருளைக் குறைத்து அதைப் பெருக்குவார்கள். கரும்புச் சாற்றையே நேராக எத்தனாலாக்கவும் தொடங்கினார்கள். 2023 டிசம்பரில் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது, சில நாட்களில் ஒரு வரம்போடு தளர்த்தியது. சர்க்கரைக்குப் பாதுகாப்பு கேட்க வேண்டிய நிலை!

4 மார்ச் 2024

முதன்மைப் பொருளும் துணைப்பொருளும் நாற்காலி மாற்றிக்கொள்வது புதிதன்று. இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் வட்டாரத்து சோடா ஆலைகளின் கதையை விரித்துச் சொல்கிறேன். இந்தக் கேள்வி-பதில் இழையில் யார் என்ன சொன்னாலும் என் மனம் அங்கேயே போய் நிற்கிறது.

சோப்புக்கும் கண்ணாடிக்கும் சோடா (சோடியம் கார்பனேட்) வேண்டும். அதைச் செய்யும் லெப்லாங்க் முறையில் உப்பைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பும். உயரமான புகைபோக்கி கட்டி அதை வானத்தில் விட்டார்கள். சுற்றிலும் மரங்கள் பட்டுப்போயின, பயிர் கருகியது, வீடுகளின் பூட்டும் தாழ்ப்பாளும் துருப்பிடித்தன. நிலப்பிரபுக்களின் தோட்டமும் கருகியதால்தான் நாடாளுமன்றம் காது கொடுத்தது என்பது என் சந்தேகம். 1863இல் ஆல்கலிச் சட்டம் வந்தது: வாயுவில் 95 சதவீதத்தை நீரில் கரைத்துப் பிடித்தே ஆக வேண்டும். மேற்பார்வைக்கு ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளரை நியமித்தார்கள். அமில மழை என்று முதலில் எழுதியவர் அவர்தான்.

பிடித்தார்கள். பிடித்த அமிலத்தை என்ன செய்வது? ஆற்றில் விட்டார்கள். காற்றில் போனது தண்ணீருக்கு இறங்கியது, சட்டத்தின் எழுத்துப்படி எல்லாம் சரி. பிறகு வெல்டன், டீக்கன் என்ற இருவர் தனித்தனியே முறைகள் கண்டுபிடித்து அமிலத்திலிருந்து குளோரினை எடுத்தார்கள். அதைச் சுண்ணாம்பில் ஏற்றினால் வெளுப்புத்தூள். லங்காஷயர் பருத்தி ஆலைகளுக்கு அது எவ்வளவு வந்தாலும் போதவில்லை. அந்த நேரத்தில் சால்வே என்ற பெல்ஜியக்காரரின் மலிவான சோடா சந்தைக்கு வந்து பழைய முறையை அடித்துக்கொண்டிருந்தது. லெப்லாங்க் ஆலைகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மூச்சு விட்டது சோடாவால் அல்ல. ஒருகாலத்தில் வானத்தில் விட்ட அந்த வாயு கொடுத்த வெளுப்புத்தூளால். சோடாதான் துணைப்பொருள் போல ஆனது.

கேள்வி கேட்டவர் உடனே கைதட்டுவார்: "பார்த்தீர்களா, கழிவு செல்வமானது!" ஆனது. ஆனால் வாயு தானாகச் செல்வமாகவில்லை. விடக் கூடாது என்று ஒரு சட்டம் கழுத்தைப் பிடித்த பிறகுதான் அதை என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். இன்னொரு மிச்சமும் இருந்தது. கால்சியம் சல்பைடு கலந்த சாம்பல் நிறச் சேறு. மழை பெய்தால் அழுகிய முட்டை நாற்றம். 1880களில் சான்ஸ் என்பவர் அதிலிருந்து கந்தகத்தைப் பிரிக்க வழி கண்டார். அதுவரை கொட்டியது கொட்டியபடியே, ஊரின் நடுவே மேடுகளாக நின்றது.

5 மார்ச் 2024

அந்தச் சோடா ஆலையிலும் நீங்கள்தான் கணக்கு எழுதினீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை, எழுதவில்லை. வயதைப் பற்றிய கேலிகள் போதும்.

18 மார்ச் 2024

பொள்ளாச்சி நார்த்தூள். இதைப் பற்றி எழுதாமல் விட்டால் அந்தப் பக்கத்து நண்பர்கள் விடமாட்டார்கள்.

தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்தால் நார் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதியெல்லாம் பழுப்புத் தூள். 1990களில் அந்தச் சாலைகளில் போனவர்களுக்குத் தெரியும், இருபுறமும் தூள் குன்றுகள். மக்குவதற்கு வருடங்கள் ஆகும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதில் அதிகம். தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே வாரக்கணக்கில் புகையும். தூளை அள்ளிக்கொண்டு போகிறவருக்கு நார் மில்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்த காலம் அது.

தன் எடையைப் போல ஐந்தாறு மடங்கு நீரை அது பிடித்துவைக்கும் என்பது அப்போதும் தெரிந்ததுதான். ஐரோப்பாவில் சதுப்பு நிலத்துப் பீட் மண்ணைத் தோண்டுவதற்கு எதிர்ப்பு வளர்ந்ததும், பசுமைக்குடில்களில் மண்ணில்லாச் சாகுபடி பரவியதும் சேர்ந்து கதவைத் திறந்தன. அழுத்தி ஐந்து கிலோக் கட்டியாக்கிக் கப்பல் ஏற்றினார்கள். இன்று இந்தியத் தென்னை நார்ப்பொருள் ஏற்றுமதியில் கயிறும் மிதியடியும் பின்னுக்குப் போய், தூள்தான் முதலிடத்தில் நிற்கிறது. நார் விலை விழுந்த மாதங்களில் தூளை நம்பி ஓடிய மில்களின் கணக்கை நானே பார்த்திருக்கிறேன்; மட்டை வாங்குவதே தூளுக்காக என்றார்கள்.

இதுவரை வாசகர் பக்கம் வெற்றி. இனிக் கேளுங்கள். தூளில் உப்பு இருக்கும், பொட்டாசியமும் குளோரைடும். டச்சுக்காரரின் தக்காளிக்கு உப்பு ஆகாது. ஆகவே தூளைத் தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். மேல்தரத்துக்குக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மறுபடி அலசுகிறார்கள். அலசிய நீர் காப்பிக் கஷாயம் போன்ற நிறத்தில் மண்ணுக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் நிறம் மாறின என்று விவசாயிகள் போராடினார்கள். 2021இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை மாசில்லாத தொழில்களின் வெள்ளைப் பட்டியலிலிருந்து மாசு கூடியவற்றின் ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. தூள் குன்றாகக் கிடந்தபோது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது கழிவு கிணற்றுக்குள் இருக்கிறது, தூள் டச்சுத் துறைமுகமான ராட்டர்டாமில் இருக்கிறது.

நார் மில்காரர்களைக் குறை சொல்லி முடித்துக்கொள்வது எளிது. தொட்டி கட்டி நீரைத் திரும்பப் பயன்படுத்தும் மில்கள் உண்டு. அவர்களுடைய கட்டி கொஞ்சம் விலை கூடும். வெளிநாட்டு இறக்குமதியாளர் இரண்டு விலையையும் பார்த்துவிட்டு எதை வாங்குகிறார் என்று சொல்லத் தேவையில்லை.

29 மார்ச் 2024

"வேதியியலையே பேசுகிறீர்கள், சமூகத்துக்கும் துணைவிளைவு உண்டே" என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். உண்டு. கணக்கெழுத்தனுக்குப் பிடித்த உதாரணம் ஒன்று வைத்திருக்கிறேன்: விற்பனை வரி.

1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள், சாராயத்தின் கலால் வருமானம் போனால் கஜானாவை எதை வைத்து நிரப்புவது? 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. நாட்டிலேயே முதல் பொது விற்பனை வரி. கடைக்காரர்கள் கொதித்தார்கள். மதுவிலக்கு 1948க்குள் மாகாணம் முழுவதும் பரவி, 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி போனது. அந்தப் பள்ளத்தை அடைக்க வந்த வரி மட்டும் இத்தனை ஏற்ற இறக்கத்திலும் அசையவில்லை. மற்ற மாகாணங்களும் பார்த்துக் கற்றுக்கொண்டன.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் இடம் 2017. சரக்கு மற்றும் சேவை வரி வந்து பழைய விற்பனை வரியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. மாநிலத்தின் கையில் மிச்சமிருப்பது பெட்ரோல், டீசல், மது. மது வருமானம் போய்விட்டதே என்று பிறந்த வரி, இன்று மதுவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மதுவுக்கான எரிசாராயத்தில் மொலாசஸிலிருந்து வடிப்பதும் உண்டு என்பதால் இந்த இழையை விட்டு நான் விலகவில்லை என்று நெறியாளருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2 ஏப்ரல் 2024

மதுவைப் பற்றிப் பேச்செடுத்ததும் இழைக்குக் கூட்டம் கூடிவிட்டது. உமியைப் பற்றி எழுதியபோது எங்கே போயிருந்தீர்கள்?

பாட்டில் விவகாரம் கேட்டவருக்கு: நீலகிரியில் யானைகள் உடைந்த பாட்டிலை மிதித்துக் காயப்படுவது உயர் நீதிமன்றம் வரை போய், 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாயைக் கொடுக்கும் திட்டம் வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. நான் இந்த இழையில் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான். கண்ணாடி அதே கண்ணாடி. பத்து ரூபாயை யாரிடம் முன்கூட்டியே வாங்கி வைக்கிறோம் என்பதில்தான் காடு சுத்தமாகிறது. பாட்டில் பொறுக்கி வாழ்ந்தவருக்கு இதில் லாபமா நட்டமா என்று எனக்கு இரண்டு மனம். குடித்தவரே திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்கு எதுவும் மிஞ்சாது. குடித்தவர் சோம்பேறியாக இருந்தால் பாட்டிலுக்குப் பத்து ரூபாய். குடிப்பவரின் சோம்பலில் எனக்கு நம்பிக்கை உண்டு.

20 ஏப்ரல் 2024

"தொழில்நுட்பம் வந்தால் கழிவே இராது" என்ற பகுதிக்கு இதுவரை நேராகப் பதில் சொல்லவில்லை. திருப்பூரைப் பாருங்கள்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். லிட்டர் சாயநீருக்கு 40 கிராம் முதல் 80 கிராம் வரை. துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பு அத்தனையும் அலசிய நீரில் நொய்யலுக்குப் போனது. ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை திறந்தார்கள், பாசனத்துக்கு. சில ஆண்டுகளிலேயே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகள் கெஞ்சும் நிலை வந்தது. அணை கேட்டுப் போராடியவர்களைப் படித்திருக்கிறோம். அணையில் நீரைத் தேக்காதே என்று போராடியவர்களை அங்கேதான் பார்த்தேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு 'ஒரு சொட்டும் வெளியேறாத' சுத்திகரிப்பு. நீரைச் சவ்வில் வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், உப்பில் ஒரு பகுதியை மீட்டுச் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். உண்மையிலேயே பெரிய சாதனை, உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பெரிய அளவில் துணிந்து செய்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடைசி மிச்ச நீரை வற்றவைக்க ஆவியாக்கிகள் வேண்டும்; ஆவிக்குக் கொதிகலன், கொதிகலனுக்கு விறகு. விறகு எரிந்தால் சாம்பல். மீட்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகளில் கட்டிக் கொட்டகையில் அடுக்கப்பட்டிருக்கிறது. சுத்திகரிப்பில் தேங்கும் சேற்றில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைக்குப் போகிறது.

மூட்டைக்குள் கட்டுண்ட உப்பு ஆற்றில் ஓடும் உப்பைவிட ஆயிரம் மடங்கு மேல், அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அதை ஒழிந்துபோனது என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான். கொட்டகைக்கு வாடகை உண்டு, கணக்கில் இருக்கிறது.

6 மே 2024

இரட்டைப் பிள்ளைகள் பற்றி. சில பொருட்களைத் தனியாகப் பெறவே முடியாது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு டன் காஸ்டிக் சோடாவோடு ஏறக்குறைய 0.88 டன் குளோரின் பிறந்தே தீரும். மேட்டூர் அணை 1934இல் முடிந்து மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் என்றானதும் 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கியது இந்தத் தொழிலை நம்பித்தான். நம் நாட்டில் காகிதம், துணி, அலுமினா என்று காஸ்டிக்குக்குக் கிராக்கி. குளோரினுக்கு அவ்வளவு இல்லை. மேலை நாடுகளில் தலைகீழ், பி.வி.சி. செய்யக் குளோரினுக்காகவே ஆலையை ஓட்டுவார்கள், காஸ்டிக் கூட வரும்.

குளோரினை எங்கும் கொட்ட முடியாது, நீண்ட நாள் சேமிக்கவும் முடியாது. ஆகவே நம் ஊரில் சில மாதங்களில் அதன் விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். எடுத்துக்கொள்பவருக்குப் பணமும் கொடுத்து அனுப்புவார்கள். முதன்முதலில் எதிர்மறை விலையில் ஒரு பட்டியலைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்று திருத்தப் போனேன். மூத்த கணக்காளர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குளோரின் அபாயமானது என்பதால்தான் அதற்கு இந்தக் கவனிப்பு. ஒரு மணி நேரம் கசிந்தால் ஊரே ஓடும். உப்பும் சாம்பலும் அப்படி உடனே துரத்துவதில்லை. அதனால்தான் குளத்துக்குப் போகின்றன.

30 மே 2024

கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர், இத்தனையையும் படித்துவிட்டு, "வீடு கட்டுகிறேன், அனல்மின் நிலையச் சாம்பல் கல் வாங்கலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்கிறார். நியாயமான மனிதர்.

வாங்கலாம். 1999இல் மத்திய அரசு முதலில் அறிவிக்கை போட்டு, மின் நிலையம் தன் சாம்பலுக்குத் தானே வழி பார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2016இல் 100 கிலோமீட்டர் வரை லாரிச் செலவையும் நிலையத்தின் தலையில் வைத்தார்கள். அதனால் கல் அறுப்பவருக்குச் சாம்பல் ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தது. அவர் மிச்சம் பிடிக்க நினைத்தால் சுண்ணாம்பிலோ சிமென்டிலோதான் பிடிப்பார், அல்லது தண்ணீர் விட்டு ஆறவைக்கும் நாட்களில். ஆகவே கல் அறுத்து எத்தனை நாள் ஆனது என்று முதலில் கேளுங்கள். நான்கைந்து கற்களைக் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் வேண்டாம். இரண்டு கற்களை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். சுவர் கட்டும் முன் கல்லை நனைப்பது பற்றி உங்கள் மேஸ்திரியும் நானும் ஒத்துப்போகமாட்டோம். அங்கே இருப்பவர் அவர், அவர் சொல்வதையே கேளுங்கள்.